பிரட்டுக்கு வராத ஆட்கள்

எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷன் ஆட்களுக்கென்று ஒரு வட்ஸ்அப் குரூப் இருக்கிறது. மொத்தம் 183 பேர். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்கள் அதில் பாதிதான். மீதிப் பேர் கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில், கட்டுநாயக்க கார்மன்ட்டில், குவைத்தில் வீட்டு வேலையில். ஏழெட்டுப் பேர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்கள். மஸ்கெலியா டவுனில் போட்டோக் கொப்பி, ரீலோட் கடை வைத்திருப்பவன் என்பதால் ‘நீதான் அட்மின்’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

2024 தேர்தல் சமயத்தில் தொழிற்சங்கச் சண்டை குரூப்புக்குள் வந்தது. ஒரே ராத்திரியில் ஒன்பது பேர் வெளியேறினார்கள். பயந்துபோய், அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டிவிட்டேன். சண்டை நின்றது. மூன்று வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் பேச்சும் நின்றிருந்தது. “எல்லாரும் எப்படி இருக்கீங்க?” என்று போட்டேன். அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து யார் யார் படித்தார்கள் என்று பார்த்தேன். 131 பேர். பதில் ஒன்றுகூட இல்லை. தெப்பக்குளத்தில் கல் போட்ட மாதிரி. ஒரு மாமா தினமும் அனுப்பும் குட்மோர்னிங் ரோஜாப்பூ மட்டும் தப்பாமல் வந்துகொண்டிருந்தது.

இது நம் ஆட்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஜேக்கப் நீல்சன் என்பவர் 2006இலேயே இதை எழுதியிருக்கிறார்: இணையக் கூட்டங்களில் நூற்றில் தொண்ணூறு பேர் பார்ப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள், பெரும்பாலான பேச்சு மிச்சமிருக்கும் ஒருவருடையது. படித்ததும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்பா கங்காணியாக இருந்தவர். பிரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டித் தேயிலை மலைக்கு வேலை பிரித்து அனுப்புவது. சாப்பிடும்போது புலம்பினேன். ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: “பிரட்டுக் களத்துல நின்னு எல்லாரும் மலைக்குப் போங்கன்னா எவன்டா போவான்? பேரைச் சொல்லிக் கூப்பிடணும். எந்த மலைன்னும் சொல்லணும்.”

சரி என்று முதலில் ரோஜாப்பூ மாமாவைப் பிடித்தேன். அந்தப் படங்கள் டேட்டாவைத் தின்கின்றன என்று கடைக்கு வந்து நாலு பேர் ஏற்கெனவே திட்டியிருந்தார்கள். நிறுத்தச் சொன்னால் மனுசன் முகம் சுண்டிப்போகும். அதனால், “மாமா, பூவுக்குப் பதிலா உங்க வாசல்ல இருந்து மலையைப் படம் புடிச்சுப் போடுங்களேன், ஒரே ஒரு படம்” என்றேன். இப்போது தினம் விடியற்காலையில் சிவனொளிபாதமலை வருகிறது. சில நாள் மூட்டம்தான், வெறும் வெள்ளை, அதையும் போடுவார். டிசம்பர் பௌர்ணமியில் யாத்திரை சீசன் தொடங்கியதும் இருட்டில் படிக்கட்டு விளக்குகள் மாலை மாதிரி தெரியும் படம் ஒன்று போட்டார். குவைத்தில் இருக்கும் அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாக வொய்ஸ் அனுப்பினார். ஐந்து செக்கன் இருக்கும். “மாமா, நாளைக்கும் போடுங்க.”

அது வந்தது இங்கே ராத்திரி ஒன்றரை மணிக்கு. குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே பதினொரு மணிக்குத்தான் அவர் கைக்குப் போன் கிடைக்கும். அதற்குள் இங்கே எல்லாரும் பேசி முடித்துத் தூங்கியிருப்பார்கள். எதைச் சொன்னாலும் பந்தி முடிந்த பிறகு வந்தவர் கதைதான். அதனால் அவர் குரலுக்கு விடிந்ததும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். யாரும் சொல்லாவிட்டால் நான்.

லயத்துப் பெண்கள் விஷயம் வேறு. கொழுந்து நிறுத்து, தண்ணி பிடித்து, அடுப்பு மூட்டி அவர்கள் உட்கார ஏழரை ஆகும். நானோ கடையில் சும்மா இருக்கும் காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருந்தேன்! அப்புறம் இந்த டைப் பண்ணுகிற தொல்லை. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் மகன் கையில். எழுத்துக் கூட்டி அடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விடும். அதனால் நானும் எழுதுவதை விட்டுவிட்டு வொய்ஸில் கேட்க ஆரம்பித்தேன். அட்மினே பேசுகிறான் என்றதும் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டது.

ஆனால் குரூப்பை நிஜமாகவே எழுப்பியது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம். பழைய மஸ்கெலியா டவுன் அறுபதுகளின் கடைசியில் அதற்குள்தான் மூழ்கியது. தண்ணீர் வற்றினால் பழைய கோயிலின் மிச்சம் வெளியே வரும். போன வறட்சியில் நடந்துபோய்ப் படம் எடுத்தேன். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. தூணில் தண்ணீர் நின்ற கோடுகள் அடுக்கடுக்காக. குரூப்பில் “பாருங்கள்” என்று மட்டும் போடவில்லை. கூடலூர் அத்தையைப் பெயர் சொல்லிக் கேட்டேன்: “அத்தை, உங்கப்பா இந்தக் கோயில்ல காவடி எடுத்தாராமே, எங்கம்மா சொல்றாங்க, நெசமா?”

பதினாலு வயதில் அழுகைக் கோச்சி, அதாவது இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப்போன ரயில், ஏறிப் போனவர் அவர். இரண்டு வருடமாகக் குரூப்பில் ஒரு சொல் பேசியதில்லை. நாலு நிமிட வொய்ஸ் வந்தது. முதல் அரை நிமிடம் மூச்சும் மூக்கு உறிஞ்சலும்தான். அப்புறம் கோயில், காவடி, இடது கைப் பக்கம் இருந்த மிட்டாய்க் கடை. ரோஜாப்பூ மாமா உடனே குறுக்கே விழுந்தார்: “கடை வலது பக்கம் தங்கச்சி.” மூன்று நாள் ஓடியது. புறக்கோட்டைப் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வெளியேறிப் போன ஒன்பது பேரில் மூன்று பேர், சண்டையைக் கேள்விப்பட்டு, “எங்களையும் சேர்த்துவிடுங்க அண்ணே” என்று கடைக்கே வந்தார்கள்.

கடை எந்தப் பக்கம் என்பது இன்னும் முடிவாகவில்லை. முந்தாநாள் அத்தை என் பெயரைச் சொல்லி வொய்ஸ் போட்டிருந்தார்: “அடுத்த தடவ தண்ணி எறங்குனா கோயில் வாசல்ல நின்னு ரெண்டு பக்கமும் வீடியோ எடுத்துப் போடு தம்பி. அத்திவாரக் கல்லு கெடக்கும், நல்லாப் பாரு.”