ஓல்டெஸ்லோவில் ஒரு லிண்டன் மரம்

ஹம்பர்க்கிலிருந்து பாட் ஓல்டெஸ்லோ அதிக தூரமில்லை, ரயிலேறினால் கொஞ்ச நேரம்தான். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்துவிட்டு, போன ஜூனில்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே ஒரு சின்னப் பழைய வீடு. மென்னோ காட்டே என்று பெயர். காட்டே என்றால் குடிசை. பக்கத்தில் பெரிய லிண்டன் மரம். மென்னோ சைமன்ஸ் தன் கையால் நட்ட மரம் என்று சொல்கிறார்கள். அது பூத்திருந்தது. தேன் வாசனை, கிளையெல்லாம் தேனீ. பட்டையின் பள்ளத்தில் விரலை வைத்தால் முதல் கணு வரைக்கும் உள்ளே போனது.

இவர் பெயரால்தான் மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபை. 1496இல் நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து பகுதியில், விட்மார்சம் கிராமத்தில் பிறந்தவர், 1524இல் கத்தோலிக்கக் குருவானார். 1531இல் சிக்கே என்ற தையற்காரரை லேவார்டன் நகரில் தலை வெட்டிக் கொன்றார்கள். பெரியவரான பிறகு மறுபடி ஞானஸ்நானம் எடுத்ததுதான் அவர் செய்த குற்றம். அந்தச் செய்தி மென்னோவை விடவேயில்லை. வேதத்தைப் புரட்டினார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. 1536 ஜனவரியில் குருத்துவத்தை விட்டு வெளியேறினார். கெர்த்ரூய்ட் என்ற பெண்ணை மணந்தார். கொஞ்ச நாளில், சிக்கேயைப் போல மறுபடி ஞானஸ்நானம் எடுத்துச் சிதறிக் கிடந்த விசுவாசிகள் அவரைத் தங்கள் மூப்பராக்கினார்கள். ஆயுதம் எடுக்காதே, பகைவனையும் நேசி என்று போதித்துக்கொண்டு நெதர்லாந்திலிருந்து பால்டிக் கடற்கரை வரை போய்வந்தார்.

அதற்கு அவர் வீடு கொடுத்த விலை பெரியது. அவருக்குத் தங்க இடம் கொடுத்த ஒரு விவசாயியை 1539இல் கொன்றார்கள். 1542இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மென்னோவின் தலைக்கு 100 கில்டர் பணம் விலை வைத்தார். தன் மனைவியும் சின்னப் பிள்ளைகளும் ஒரு வருடம், ஏன் ஆறு மாதம்கூட, பயமில்லாமல் இருக்க எந்த நாட்டிலும் ஒரு குடிசை கிடைக்கவில்லை என்று 1544இல் மென்னோ எழுதினார். பத்து வருடம் கழித்தும் அதே நிலைதான். மற்ற போதகர்கள் மெத்தையில் படுக்க, நாங்கள் மூலையில் ஒளிகிறோம். நாய் குரைத்தால் பிடிக்க வந்துவிட்டார்களோ என்று பதறுகிறோம் என்று எழுதியிருக்கிறார்.

இதை மரத்தடியில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொன்னேன். எண்பதுகளில் எங்களைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து, அகதி முகாம் அகதி முகாமாக மாறியவர் அவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த மனுசி எத்தினை தரம் மூட்டை கட்டி அவிழ்த்திருப்பா" என்றார்.

மென்னோவைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவர் எழுதியது நிறைய இருக்கிறது. கெர்த்ரூய்டைப் பற்றி நமக்குக் கிடைப்பது சில வரிகள்தான்.

கடைசியில் அடைக்கலம் கொடுத்தவர் இந்தப் பக்கத்து நிலப்பிரபு பார்த்தொலோமேயுஸ் ஃபொன் ஆலேஃபெல்ட். தன் ஃபிரெசன்பர்க் பண்ணை நிலத்தில் இவர்களைக் குடியேற விட்டார், அச்சுக்கூடமும் நடந்தது. பெரிய பெரிய ராஜாக்கள் கொடுக்காத இடம்! ஊன்றுகோலோடு நடமாடிய மென்னோ, 1561 ஜனவரியில் இங்கேயே ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். கெர்த்ரூய்ட் அவருக்கு முன்பே போய்விட்டார். மென்னோவை அவருடைய தோட்டத்திலேயே புதைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில் நடந்த முப்பதாண்டுப் போரில் அந்தக் குடியிருப்பு அழிந்தது, கல்லறையும் தெரியாமல் போனது.

அடைக்கலான் குருவிக்கும் வீடு கிடைத்ததைச் சொல்லும் 84ஆம் சங்கீதத்தை அம்மா மனப்பாடமாகச் சொன்னார். தகைவிலான் தன் குஞ்சுகளை வைக்கும் கூடு வரும் வரியில் குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, முடித்தார்.

புறப்படும்போது கீழே உதிர்ந்திருந்த பூக்களைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் சேர்த்தார். கல்லறை இல்லையே, எங்கே வைப்பது? மரத்தின் வேரடியில் குவித்து வைத்தார். "மென்னோவுக்கா அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை. அந்தப் பிள்ளையளின்ர அம்மாவுக்கு."