ஆறாயிரத்துச் சொச்சம்

பிப்ரவரி 3

காதுக்குள் அந்தச் சத்தம் இன்றும் உண்டு. இடது பக்கம் மட்டும். மின்விசிறியை ஐந்தில் வைத்தால் கொஞ்சம் தேவலாம்.

பிப்ரவரி 5

விசிலா, சில்வண்டா, கடல் இரைச்சலா என்று கேட்டார் டாக்டர். மூன்றும் இல்லை. வேறு எப்படி என்றார். சொல்லத் தெரியவில்லை. வீட்டிலும் இதே கேள்வி, இதே முழிப்பு.

கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எது அவர்கள் அனுப்பியது, எது என்னுடையது என்று பாதி நேரம் பிடிபடவில்லை. படத்தில் வலது காதுக் கோடு ஓரளவு நேராகப் போகிறது. இடது காதின் கோடு, சுருதி 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரிகிறது. 8,000 வந்ததும் படம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று யாருக்கும் அக்கறை இல்லை போல.

எம்ஆர்ஐ ஸ்கேன் எழுதியிருக்கிறார். "ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதால பார்த்துடலாம்." சாதாரணமாகத்தான் சொன்னார். ரொம்பச் சாதாரணமாக.

பிப்ரவரி 6

வேண்டிய சுருதியில் சத்தம் எழுப்பப் போனில் ஆப் இருக்கிறதே என்கிறாள் மகள். இருக்கிறது. திரையைத் தேய்த்துத் தேட எனக்குப் பிடிக்கவில்லை. திருகினால் ஏறி இறங்கும் ஒன்று கையில் வேண்டும். அந்தச் சத்தத்தை வெளியே கொண்டுவந்து, இதோ இதுதான், கேள் என்று சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 8

ரிச்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. சத்தம் எழுப்ப 555 என்ற எட்டுக் கால் ஐசி, பற்றவைக்காமல் செருகிப் பார்க்க ப்ரெட்போர்டு, ஜம்பர் ஒயர், எட்டு ஓம் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி. ரெசிஸ்டரை ஒற்றையாகத் தரமாட்டார்கள், பத்தாகத்தான். "ஸ்கூல் ப்ராஜெக்டா சார், பையனுக்கா?" ஆமாம் என்றேன். அந்தத் தெருவின் இரைச்சலில் காது இருந்ததே தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் சும்மா சுற்றினேன்.

பிப்ரவரி 9

சத்தம் வந்துவிட்டது!

ஐசியின் நாலாம் காலை எட்டாம் காலோடு சேர்க்க வேண்டும். அந்தரத்தில் விட்டால் தன் இஷ்டத்துக்கு நின்று நின்று வருகிறது. மற்றபடி எளிமைதான். ஹான்ஸ் கேமன்சிண்ட் 1971இல் வடிவமைத்த ஐசி இது. உள்ளே இருக்கும் மூன்று சம ரெசிஸ்டர்கள் பேட்டரியை மூன்று பங்கு போடுகின்றன. 9 வோல்ட் என்றால் ஒரு கோடு 3இல், இன்னொன்று 6இல். மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் நிரம்பி 6ஐத் தொட்டதும் ஐசி அதை வடிக்கிறது, 3க்கு வந்ததும் மறுபடி நிரம்ப விடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்தபடி மூன்றாம் கால் மேலும் கீழும் குதிக்க, அதைத்தான் ஸ்பீக்கர் பாடுகிறது. பேட்டரி தளர்ந்தாலும் சுருதி அவ்வளவாக மாறாது, கோடுகளும் கூடவே இறங்குவதால். சத்தம் மட்டும் குறையும். இதை நினைத்து நினைத்து ரசித்துக்கொண்டிருந்ததில் இரவுச் சாப்பாடு ஆறிவிட்டது.

சுருதி எத்தனை ஹெர்ட்ஸ் என்பதற்குக் கணக்கு: 1.44ஐ, முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதை இரு மடங்காக்கிக் கூட்டி, அதைக் கெப்பாசிட்டரால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். என்னுடையதில் முதலாவது 1கே, அதாவது ஆயிரம் ஓம். இரண்டாவது 4.7கேயும், 100கே 'பாட்' என்கிற திருகு ரெசிஸ்டரும் சேர்ந்தது. கெப்பாசிட்டர் 103, அதாவது 10 நானோஃபாரட். 700க்குக் கொஞ்சம் கீழே தொடங்கி 13,000 தாண்டிப் போகும்.

பிப்ரவரி 10

ஸ்கேன் 12ஆம் தேதி, காலை ஏழரை.

பிப்ரவரி 11

100கே பாட் சரிப்படவில்லை. முக்கால்வாசித் திருகலும் அடித்தொண்டை உறுமலிலேயே போய்விடுகிறது. எனக்கு வேண்டிய இடமெல்லாம் கடைசி ஓரத்தில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. மூச்சு விட்டால் இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் தாவுகிறது. 10கே பாட் மாற்றினேன். இப்போது 4,700க்கு மேலேதான், ஆனால் நிதானமாக நடக்கலாம்.

ஒரு கட்டத்துக்கு மேல் சத்தமே இல்லை. பேட்டரி போச்சு என்று கழற்றப்போனேன். உள்ளறையிலிருந்து மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, நிறுத்துப்பா!"

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

சின்ன வயதில், பக்கத்து வீட்டில் டிவி போட்டிருக்கிறார்களா என்று மாடிப்படியில் நின்றே சொல்லிவிடுவேன். அந்தப் பழைய டப்பா டிவிகளின் கீச்சு 15,625 ஹெர்ட்ஸ். 625 கோடு, நொடிக்கு 25 படம். அதெல்லாம் எப்போது போயிற்று என்று தெரியாமலே போயிருக்கிறது.

பிப்ரவரி 12

காதில் பஞ்சு, அதற்கு மேல் மூடி. அப்படியும் தலைக்குள் இறங்குகிறது. டக் டக் டக், அப்புறம் நீளமாக ஒரு உறுமல், அப்புறம் வேறு சுருதி. பெரிய காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புவதால் அது அதிர்கிறது. ஸ்பீக்கர் வேலை செய்வதும் இப்படித்தான். இருபது லட்ச ரூபாய் காருக்குள் உட்கார்ந்தவர்கள் இருப்பார்கள், நான் கோடிக்கணக்கில் விலையுள்ள ஸ்பீக்கருக்குள்ளேயே படுத்துவிட்டு வந்தேன்.

அசையாமல் படுக்கச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

பிப்ரவரி 13

ரிப்போர்ட் இன்னும் இல்லை.

பிப்ரவரி 14

பிடித்துவிட்டேன். அதிகாலை, வீடு தூங்கும் நேரம். ஸ்பீக்கரை வலது பக்கம் வைத்து, சத்தத்தைத் துளியாகக் குறைத்து, மெல்லத் திருகினேன். ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாகி, எது வெளியே எது உள்ளே என்று பிரிக்க முடியாமல் போனது. மல்டிமீட்டரில் 6,840.

சட்டென்று ஏறி இறங்கும் சதுர அலையாயிற்றே, இவ்வளவு சுத்தமாக எப்படிக் கேட்கிறது என்று முதலில் குழம்பினேன். அடிச் சுருதியோடு சேர்ந்து வரும் மூன்று மடங்குச் சுருதி இருபதாயிரத்துக்கு மேலே, மனிதக் காதுக்கு வெளியே. எனக்குக் கேட்பது அடிச் சுருதி மட்டும்தான்.

அப்புறம் ஸ்பீக்கரை இடது காதருகே கொண்டுபோய்ச் சத்தத்தைக் கூட்டி, ஒரு நிமிடம் பிடித்தேன். பேட்டரி ஒயரை உருவினேன்.

இல்லை. இரைச்சல் இல்லை. பால்காரர் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம், குழாய்ச் சொட்டு, எல்லாம் இரண்டு காதிலும். அரை நிமிடம் இருந்திருக்குமா? திரும்ப வந்துவிட்டது. சிலருக்கு இப்படிக் கொஞ்ச நேரம் அடங்கும் என்று பிறகு படித்தேன்.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். முகம் மாறிவிட்டது. "இதுவா? நாள் முழுக்கவா?"

பிப்ரவரி 15

3,420இலும் பொருந்துகிறது. பழைய 100கே பாட்டைப் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஸ்வரம், மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயி. காதுக்கு இந்தக் குழப்பம் வருவது சகஜமாம். அப்படியானால் நேற்று பிடித்தது எது? கீழ் ஸ்தாயியில் வைத்துவிட்டு அணைத்தால் அடங்கவில்லை. மேல் ஸ்தாயியில் வைத்தால் அடங்குகிறது. அதனால் 6,840தான். இருந்தாலும் மத்தியானம் முழுக்கத் திருகிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

ரிப்போர்ட் கேட்டுப் போன் செய்தேன். "டாக்டர் பார்க்கணும் சார்." எந்த டாக்டர், ஏன் பார்க்கணும்?

பிப்ரவரி 16

செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவுக்கு 1874இல் கேட்கும் திறன் போனது. 1876இல் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய நால்வர் இசையின் கடைசிப் பகுதியில், நடுவே வயலினில் உச்சத்தில் ஒற்றை ஸ்வரத்தை நீள நிறுத்தினார். அது அவர் காதின் இரைச்சல். ஒரு சபையையே உட்காரவைத்துக் கேட்கச் செய்துவிட்டார், ராட்சசன். என்னிடம் எட்டுக் கால் ஐசி.

தூக்கம் இல்லை. விசிறி ஐந்தில்.

பிப்ரவரி 17

ரிப்போர்ட் ரெடியாம். நேரில் வரச் சொல்கிறார்கள், சாயங்காலம் ஐந்தரைக்கு.

"என்னங்க, அதை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?" டாக்டரும் கேட்கட்டும். டிபன் டப்பாவில் ஒட்டி, மூடியில் பாட் திருகுக்குத் துளை போட்டாயிற்று. பேட்டரியைத் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் டப்பாவைப் பார்த்து வாசல் செக்யூரிட்டி என்ன சொல்வாரோ. ஆட்டோ வந்துவிட்டது.