மெட்டபாலிசம் ஸ்லோ என்றார்கள்: ஜிம்மிலிருந்து லேப் வரை ஓர் அலைச்சல்

தைராய்டு டெஸ்டுக்குப் போகிறவர்கள், முடி கொட்டுவதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறோமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற கதையெல்லாம் அப்புறம். லேபில் யாரும் இதைக் கேட்காததால், இல்லாத நோய்க்கு மருந்துச்சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நான்.

ஆரம்பித்தது திருச்சி தில்லைநகரில் ஒரு ஜிம்மில். எனக்கு வயது 43, உயரம் 158 செ.மீ., அப்போது எடை 74 கிலோ. இலவசமாக உடம்பைச் சோதித்துத் தருகிறோம் என்றார்கள். ஆபீஸ் முடிந்து, மதியத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல், வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு போய் அந்த மெஷினில் ஏறினேன். தாள் வந்தது: கொழுப்பு 41 சதவீதம், பி.எம்.ஆர். (சும்மா படுத்திருந்தாலே உடம்பு ஒரு நாளில் எரிக்கும் கலோரி) 1313, உடல் வயது 57. "உங்க மெட்டபாலிசம் ரொம்ப ஸ்லோ மேடம், அதான் வெயிட் இறங்கல" என்றார் ட்ரெய்னர். கையோடு 18,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ். கூட கொழுப்பைக் கரைக்கும் என்று ஒரு ஃபேட் பர்னர் டப்பா. ஆஃபர் இன்றைக்கு மட்டும்தானாம். டப்பாவுக்குத் தனியாக ஜி.எஸ்.டி. பில் கேட்டேன். "அது வேற கம்பெனி மேடம், பில் அப்புறம் தரோம்" என்றார். சரி, டப்பாவும் அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். இந்த மாதிரி டப்பாவைக் கையில் எடுத்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். கிரீன் டீ சாறு எத்தனை மில்லிகிராம் என்றும் பாருங்கள். அதை அதிக அளவில் எடுத்துக் கல்லீரல் கெட்டுப்போனவர்கள் உண்டு.

அந்த மெஷின் மெட்டபாலிசத்தை அளப்பதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உண்மையாக அளக்க வேண்டுமென்றால் நம்மை அசையாமல் படுக்க வைத்து, இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் கணக்கெடுக்க வேண்டும். ஜிம் மெஷின் லேசான மின்சாரத்தை உடம்புக்குள் விட்டு, அதற்கு உடம்பு காட்டும் தடையை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. கொழுப்பு போக மிச்ச எடையை 21.6 ஆல் பெருக்கி 370 ஐக் கூட்டினால் என் தாளில் இருந்த அதே 1313 வந்தது. அவ்வளவுதான் சங்கதி. உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தால் கொழுப்பு கூடுதலாகத்தான் காட்டும். சில நாள் கழித்து ஒரு காலையில், நன்றாகத் தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய்விட்டு, சாப்பிடாமல் போய் இன்னொரு முறை ஏற்றச் சொன்னேன். முனகிக்கொண்டே ஏற்றினார். எடை அதே 74. கொழுப்பு 38, பி.எம்.ஆர். 1361, உடல் வயது 51! அந்த டப்பா இல்லாமலேயே ஆறு வயது குறைந்துவிட்டது. "மெஷின் அப்பப்ப அப்படித்தான் மேடம்" என்றார்.

இருந்தாலும் தைராய்டாக இருக்குமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. லேபில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றேன், ரத்தம் எடுத்தார்கள். ராத்திரி வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பக்கத்தில் சிவப்பாகக் கீழ்நோக்கி அம்பு. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 பக்கத்தில் மேல்நோக்கி. அதாவது தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதாம். வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. சுரப்பைக் குறைக்க மாத்திரை எழுதிவிட்டார். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் பொதுவாக எடை இறங்கும் என்று படித்திருந்தேன். எனக்கு ஏறிக்கொண்டல்லவா இருக்கிறது? கேட்டதற்கு "சிலருக்கு அப்படியும் இருக்கும்" என்றார். மாத்திரை வாங்கவில்லை.

ஹார்மோன் டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருந்ததைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும். உள்ளே போனதும் அந்த அம்மா ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு நாடி பிடித்தார். கையை நீட்டச் சொல்லி விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் ஆடவில்லை.

"படபடப்பு உண்டாம்மா? வெயில் தாங்கலையா? தூக்கம் வருதா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்."

"பையில என்ன மாத்திரை இருந்தாலும் எடுத்து வை."

வைத்தேன். முடி கொட்டுகிறது என்று தோல் டாக்டர் எழுதித் தந்த பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) 10 மி.கி. அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "இதுதான் உன் தைராய்டு" என்று சிரித்தார். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டிய பயோட்டின் 30 மைக்ரோகிராம்தான். நான் அதைப்போல 300 மடங்குக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அது உடம்பைக் கெடுக்கவில்லை, டெஸ்டைக் கெடுத்திருக்கிறது. பல லேப்களில் ஹார்மோனைப் பிடித்து அளக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு கொக்கியாகப் பயன்படுகிறது. ரத்தத்திலும் அது மிதந்தால் கணக்கு குழம்பி, டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். லேபில் போய்ச் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்" என்று முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். டி.எஸ்.எச். 2.8 வந்தது. நார்மல். அந்தத் தாளை லேப் மேனேஜரின் மேஜையில் வைத்துவிட்டு, ரத்தம் எடுக்கும் முன் கேட்கும் கேள்விகளில் முடி மாத்திரையையும் சேருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சேர்த்தார்களா, தெரியாது.

ஆக, டாக்டரிடம் காட்டப் போனால் சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அட்டைகளையே அள்ளிக்கொண்டு போங்கள்.

அப்படியானால் எடை ஏன் ஏறியது? வயதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. 2021ல் சயன்ஸ் இதழில் வந்த ஹெர்மன் பான்ட்சர் குழுவின் ஆய்வு அதற்கும் வழி வைக்கவில்லை: 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைப் பார்த்ததில், உடம்பின் அளவைக் கழித்துவிட்டால் 20 வயதிலிருந்து 60 வரை மெட்டபாலிசம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருக்கிறதாம். ஒரு கிலோ தசை கூடினால் நாளுக்கு 100 கலோரி சும்மாவே எரியும் என்று ட்ரெய்னர் சொன்னதும் கதைதான். ஓய்வில் அது எரிப்பது சுமார் 13 கலோரி. பளு தூக்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, நானும் தூக்குகிறேன்.

கலோரி கணக்குப் போடும் ஆப்களில் ஒரு பொறி உண்டு. என் பி.எம்.ஆர். 1350 என்று சரியாகத்தான் போட்டது. அடுத்து எவ்வளவு நடமாட்டம் என்று கேட்கும். வாரத்தில் நாலு நாள் நடக்கிறோமே என்று 'மாடரேட்' தட்டினால் 1.55 ஆல் பெருக்கி 2090 கலோரி சாப்பிடலாம் என்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவளுக்கு 1.2 தான், 1620. இடையில் 470 கலோரி, நமக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

டயட்டீஷியன் தந்த அச்சடித்த தாளில் ப்ரோக்கோலியும் கினோவாவும் இருந்தன. அதை மடித்து வைத்துவிட்டேன். உதவியது டாக்டர் சொன்ன ஒரு கணக்கு: மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறாய்? நாலு பேருக்கு நாலு லிட்டர். ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல். அதாவது தலைக்கு தினமும் 270 கலோரி, தோசைக்கல்லிலும் தாளிப்பிலும் மட்டும். இப்போது மாத எண்ணெயை இரண்டரை லிட்டராக்கி, சாயங்கால முறுக்குக்குப் பதில் சுண்டல். வீட்டில் முதலில் முணுமுணுத்தார்கள், இப்போது கேட்பதில்லை.

எடை 68க்கு வந்திருக்கிறது, இடுப்பு 94 செ.மீ.யிலிருந்து 88. அங்கே கொஞ்ச நாள் நகராமல் நின்றது. ஆறு கிலோ குறைந்ததில் பி.எம்.ஆரே 60 கலோரி இறங்கியிருக்கும், ஆப்பிலோ பழைய எடையே இருந்தது. புது எடையைப் போட்டு, மூன்றாவது காபியில் சர்க்கரையை விட்டேன். பயோட்டினைத் திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. முடி முன்பு கொட்டிய அளவுக்குத்தான் இப்போதும் கொட்டுகிறது.