விழுந்தவர் கணக்கு

சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஊர் சாப்பிட உட்காரும்போது நாங்கள் வேலைக்கு உட்காருவோம். இங்கிலாந்தில் அப்போது மதியம் மூன்று மணி. சென்னை பெருங்குடியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் அமர்ந்து, ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்களைப் பார்த்து, களத்தில் நடக்கும் ஒவ்வொன்றையும் கணினியில் பதிவு செய்வது என் வேலை. பாஸ், ஷாட், பந்து பறிபோனது, தலையால் முட்டியது என்று ஓர் ஆட்டத்துக்குப் பதிவுகள் 1,500-ஐத் தாண்டும். ஒவ்வோர் அணிக்கும் ஓர் ஆள், இருவரையும் சரிபார்க்க மூன்றாவது ஆள். உறவினர் வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் ‘டேட்டா’ என்று சொல்லி முடித்துக்கொள்வேன். கால்பந்து பார்ப்பதற்குச் சம்பளமா என்று ஒரு கல்யாணப் பந்தியில் சிரித்தார்கள். அந்த அனுபவம் ஒரு முறை போதும்.

சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த விதிகளில் ஒன்று இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. நடுவர் விசில் ஊதினால் ஃபவுல். ஊதாவிட்டால் ஃபவுல் இல்லை. இடித்தவர் பெயரில் ‘ஃபவுல் செய்தவர்’ என்று ஒரு பதிவு, விழுந்தவர் பெயரில் ‘ஃபவுல் பெற்றவர்’ என்று ஒரு பதிவு. நடித்து விழுந்ததற்கென்று ஒரு விசை உண்டுதான். ஆனால் அதற்காக நடுவர் மஞ்சள் அட்டை காட்டியிருந்தால்தான் அதை அழுத்தலாம். நடுவரை ஏமாற்றிவிட்டவருக்கு எங்கள் ஏட்டில் தனி இடம் கிடையாது. அவர் ‘பெற்றவர்’. வாங்கிக் கொடுத்தது பெனால்டி (கோல்கீப்பரை மட்டும் எதிரில் வைத்து அடிக்கும் உதை) என்றால் இன்னும் நல்லது, அது அவருடைய சாதனைக் கணக்கில் ஏறும்.

இந்த விதி என்னை முதலில் உறுத்தியது 2017 நவம்பர் 18 இரவு. கிரிஸ்டல் பேலஸ், எவர்டன் என்ற இரண்டு இங்கிலாந்து அணிகளின் ஆட்டம். லண்டனில் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானம். எனக்கு எவர்டன் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் நிமிடத்திலேயே பேலஸ் கோல் போட்டுவிட்டது. சற்று நேரத்தில் எவர்டனின் செனகல் வீரர் ஓமர் நியாஸ் பந்தோடு பெனால்டி பகுதிக்குள் நுழைகிறார். பேலஸ் தடுப்பாட்டக்காரர் ஸ்காட் டான் குறுக்கே வருகிறார். ஓர் உரசல். கூட்ட நேரத்தில் பஸ்ஸில் ஏறும்போது நம் மேல் படுமே, அவ்வளவுதான். நியாஸ் சரிந்தார். நடுவர் ஆண்டனி டெய்லர் பெனால்டி கொடுத்தார். லேட்டன் பெயின்ஸ் அதைக் கோலாக்கினார். ஆட்டம் 2–2 என்று முடிந்தது, எவர்டனின் இரண்டாவது கோலைப் போட்டவரும் நியாஸ்தான்.

உடனே எங்கள் குழுத் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் வியாசர்பாடிக்காரர். இளமையில் மாவட்ட லீகில் விளையாடியவர், இப்போது முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு எங்களை மேய்ப்பவர்.

“அண்ணே, இது நடிப்பு இல்லையா?”

“தம்பி, நடுவர் கொடுத்தாரா, இல்லையா? அதை மட்டும் பார்.”

விசையை அழுத்தினேன். பெனால்டி பெற்றவர்: நியாஸ்.

ஆனால் அந்த முறை விஷயம் அதோடு முடியவில்லை. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அந்தப் பருவத்தில்தான் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. நடித்து விழுந்து பெனால்டி வாங்கினாலோ, எதிரணி ஆளுக்குச் சிவப்பு அட்டை வாங்கிக் கொடுத்தாலோ, ஆட்டம் முடிந்த பிறகு வீடியோவைப் பார்த்துத் தண்டிக்கலாம். பார்ப்பவர்கள் மூன்று பேர்: ஒரு முன்னாள் நடுவர், ஒரு முன்னாள் மேலாளர், ஒரு முன்னாள் வீரர். தனித்தனியே பார்க்க வேண்டும், மூவரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் குற்றச்சாட்டு. தண்டனை இரண்டு ஆட்டத் தடை. நியாஸ் மறுத்துப் பார்த்தார், எடுபடவில்லை. சாதாரண உரசலைப் பெரிதுபடுத்தி நடுவரை ஏமாற்றினார் என்று தீர்ப்பு. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகில் இந்த விதியின் கீழ் தடை பெற்ற முதல் வீரர் அவர்தான். அடுத்த மாதமே வெஸ்ட் ஹாமின் மனுவேல் லான்சினியும் ஸ்டோக் ஆட்டத்தில் விழுந்ததற்காக அதே தடையை வாங்கினார்.

எங்கள் மாடியில் பாதிப் பேர் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. பேலஸ் பறிகொடுத்த புள்ளிகள் பறிகொடுத்தவைதான். நியாஸ் இல்லாத ஆட்டங்களில் ஒன்றில் எவர்டன் வெஸ்ட் ஹாமை 4–0 என்று வென்றது. வெய்ன் ரூனி அதில் மூன்று கோல், அதில் ஒன்று தன் அணியின் பாதி மைதானத்திலிருந்தே அடித்தது. திருடன் ஜெயிலுக்குப் போனான், திருடன் வீட்டில் விருந்து நடந்தது, நகை மட்டும் திரும்பவில்லை.

இதனால் தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டும். அபராதம் போதும் என்பவர்களுக்கு 2002 உலகக் கோப்பையை நினைவூட்டுவேன். துருக்கியின் ஹக்கான் உன்சால் உதைத்த பந்து பிரேசிலின் ரிவால்டோவுடைய தொடையில் பட்டது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார். நடுவர் உன்சாலை வெளியே அனுப்பினார். பிறகு உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா ரிவால்டோவுக்கு விதித்தது வெறும் அபராதம். ரிவால்டோ அந்த உலகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார். ஆட்டத்தில் செய்த குற்றத்துக்கு ஆட்டத்திலிருந்து எடுத்தால்தான் வலிக்கும்.

ஆனால் வீடியோவை நம்பித் தண்டிக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை இந்த வேலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஓர் ஆட்டத்தில் பக்கவாட்டு வீரர் ஒருவர் வேகமாக ஓடி வந்து குப்புற விழுந்தார். சாதாரண வேகத்தில் ஃபவுல்போல இருந்தது. மெதுவாக ஓட்டினேன். எதிராளியின் பூட்ஸுக்கும் இவர் காலுக்கும் இடையே ஒரு சாண் வெளி. கைகள் பறவைபோல விரிகின்றன, வாய் முன்கூட்டியே திறந்துவிடுகிறது. கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன், நடிப்புதான் என்று. குழுத் தலைவர் வந்தார், எதிர்ப்பக்கக் கேமராவைப் போடச் சொன்னார். அந்தக் கோணத்தில் தெரிந்தது வேறு. எதிராளியின் முழங்கால் இவருடைய ஊன்றிய காலின் குதியைத் தொட்டிருந்தது.

“இவ்வளவு தொட்டதற்கா இப்படி விழுந்தார்?” என்றேன்.

அவர் டீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, நடைபாதையில் என்னை ஓடச் சொன்னார். இரவு ஒன்றரை மணி, வேறு யாரும் இல்லை. ஓடினேன். பின்னாலேயே வந்து என் வலது குதிகாலைத் தன் கால் விரலால் லேசாகத் தட்டினார். வலது கால் இடது காலில் பின்னிக்கொண்டது. தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த மூலையில் போய் விழுந்தேன். கை விரிந்திருந்தது, வாய் திறந்திருந்தது.

“இப்போது நீ நடித்தாயா, தம்பி?”

முழங்கை ஒரு வாரம் வலித்தது. அதற்குப் பிறகு, மெதுவாக ஓடும் படத்தை மட்டும் பார்த்து யாரையும் நான் திருடன் என்று சொன்னதில்லை. மெதுவான படத்தில் எல்லோரும் யோசித்துச் செய்வதுபோலத் தெரிகிறார்கள். களத்தில் யோசிக்க நேரமே கிடையாது. வரும் உதைக்குப் பயந்து தானாகத் தாவுகிறவரும் உண்டு, அது ஏமாற்று அல்ல, காலைக் காப்பாற்றிக்கொள்வது. மூவரும் ஒத்துப்போனால்தான் தண்டனை என்ற இங்கிலாந்து விதியை நான் மதிப்பது அதனால்தான். 2009-இல் ஆர்சனலின் எதுவார்தோ செல்டிக்குக்கு எதிராக விழுந்து பெனால்டி வாங்கி, தானே கோலும் போட்டார். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் இரண்டு ஆட்டத் தடை விதித்தது, அந்தச் செப்டம்பரிலேயே மேல்முறையீட்டில் தடை போய்விட்டது. ஊர் உலகம் பார்த்த வீடியோதான். இருந்தும் நிற்கவில்லை.

இப்போது வீடியோ நடுவர் வந்துவிட்டார், பிரீமியர் லீகில் 2019 முதல். பெனால்டி பகுதிக்குள் நடிப்பது பாதி அங்கேயே பிடிபட்டுவிடுகிறது. மைதானத்தின் நடுவில் விழுந்து வாங்கும் ஃப்ரீ கிக்குகளை அவரும் பார்ப்பதில்லை. என் ஏட்டில் அவை எல்லாம் ‘பெற்றவை’.

என் மனத்தாங்கல் இந்த ஏட்டோடுதான். 1997-இல் ஆர்சனலின் ஹைபரி மைதானத்தில் லிவர்பூலின் ராபி ஃபவுலர் கோல்கீப்பர் டேவிட் சீமன் முன்னால் விழுந்துவிட்டு, பெனால்டி வேண்டாம் என்று நடுவரிடம் கையசைத்து மறுத்தார். நடுவர் கேட்கவில்லை. அந்த நேர்மைக்கும் எங்கள் விதிப்படி ஒரே பெயர்தான்: பெனால்டி பெற்றவர். வேண்டாம் என்றவரும் ஏமாற்றி வாங்கியவரும் ஒரே பத்தியில் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். அணிகள் வீரர்களை விலை பேசும்போது பார்ப்பது இந்தப் பத்தியைத்தான், தடைச் செய்தியை அல்ல.

நியாஸுக்குத் தடை அறிவித்த புதன்கிழமை இரவு, அந்த ஆட்டக் கோப்பைத் திறந்து, திருத்தலாமா என்று கேட்டேன். நடுவர் தீர்ப்பு மாறவில்லையே, பெனால்டி பெனால்டிதானே என்றார் குழுத் தலைவர். அவர் சொன்னது சரிதான். ஒவ்வொரு பதிவின் கீழும் எங்கள் சொந்தக் குறிப்புக்கென்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதில் எழுதுவது வாடிக்கையாளருக்குப் போகாது. ‘தொட்டது உண்மை, விழுந்தது கூடுதல்’ என்று அதில் தட்டிவிட்டுக் கேப் பிடிக்கக் கீழே இறங்கினேன்.