மண்டி எண்ணெயும் இன்ஜின் அறையும்

சிங்கப்பூர் நங்கூரத் தளத்தில் பங்கரை, அதாவது கப்பல் இன்ஜினில் எரிக்கும் கன எண்ணெயை, ஏற்றிய படகு எங்கள் கப்பலின் பக்கவாட்டில் வந்து அணைந்ததும், ஹோஸைப் பொருத்தி வால்வைத் திறப்பதற்கு முன்பே, எண்ணெய் ஏறும் குழாய்வாயான மேனிஃபோல்டில் ஒரு பிளாஸ்டிக் குடுவையைக் கட்டிவிடுவோம். எண்ணெய் ஏறி முடியும் வரை அதில் சொட்டுச் சொட்டாக மாதிரி சேர்ந்துகொண்டிருக்கும். பிறகு அதை நன்றாகக் குலுக்கி, புட்டிகளில் பிரித்து ஊற்றி, இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரை வைப்போம். ஒரு புட்டி ஆய்வகத்துக்குப் போகும், ஒன்று படகுக்கு, இன்னொன்று கடல் மாசுத் தடுப்பு ஒப்பந்தமான மார்போல் விதிப்படி, அந்த எண்ணெய் தீரும் வரை, எப்படியும் 12 மாதங்களுக்குக் குறையாமல் பாதுகாக்கப்பட வேண்டும். எண்ணெய் வழங்கியதற்கான சீட்டான பங்கர் டெலிவரி நோட்டோ 3 ஆண்டுகள் கப்பலில் இருக்க வேண்டும். எண்ணெய்களிலேயே விலை குறைந்த ஒன்றுக்கு இத்தனை சாட்சியம் எதற்கு என்று என் முதல் பயணத்தில் எனக்குப் புரியவில்லை. கப்பல் இன்ஜின் அறைகளில் கழித்த ஆண்டுகள் அதற்குப் பதில் சொல்லின.

கன எரியெண்ணெய் என்பது சுத்திகரிப்பு ஆலையின் மண்டி. கச்சா எண்ணெயைக் காய்ச்சி எரிவாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று ஒவ்வொன்றாக எடுத்த பிறகு, கோபுரத்தின் அடியில் கறுத்துத் தங்குவதுதான் அதன் மூலப்பொருள். கந்தகமும் வனேடியம் என்ற உலோகமும் அஸ்ஃபால்டீன்கள் என்ற தார்ப் பொருள்களும் அதிலேயே செறிந்திருக்கும். அந்த அடிக்கசடையும் மீண்டும் உடைத்துப் பெட்ரோலும் டீசலும் எடுக்கும் நுட்பம் வளர வளர, கடைசியில் கப்பலுக்கு வந்து சேரும் மண்டி இன்னும் மோசமாகிக்கொண்டே வந்தது. ஆலைக்கு வேண்டாதவை எல்லாம் வந்து சேரும் இடம் இது என்பதால், இரண்டு துறைமுகங்களில் ஒரே பெயரில் வாங்கிய எண்ணெய் ஒன்றுபோல் இருப்பதில்லை. நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: இந்த எண்ணெயை அதன் தரப்பெயரை நம்பி எரிக்கக்கூடாது; வாங்கிய ஒவ்வொரு முறையும் புதிய பொருளாகவே அறிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் நீண்ட காலம் எரித்தது 380 என்ற தரம். 50 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை 380 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கலாம் என்பது அந்த எண்ணின் பொருள். இன்ஜினின் தெளிப்பானுக்கோ 10 முதல் 15 வரைதான் வேண்டும். அதற்கு எண்ணெயை ஏறத்தாழ 130 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். ஆகவே அடித்தள டாங்கில் 40, 50 டிகிரியில் இளக்கி வைத்து, செட்டிலிங் டாங்கில் இன்னும் சூடாக்கி நீரையும் கசடையும் படியவிட்டு, 98 டிகிரியில் பியூரிஃபையர் என்ற சுழல் பிரிப்பானில் சுழற்றி, சர்வீஸ் டாங்குக்கு அனுப்பி, பின்பு ஹீட்டரில் 130-க்கு ஏற்றி, நீராவிக் குழாய் சுற்றிய பைப்புகளின் வழியே, உள்ளிருக்கும் நீர் கொதித்துவிடாதபடி அழுத்தத்தில் வைத்தே இன்ஜினுக்குக் கொண்டுபோகிறோம். பாய்லர் நின்றால் இந்தச் சங்கிலி முழுவதும் நின்றுவிடும். நடுக்கடலில் நீராவி போய், எண்ணெய் பைப்பிலேயே இறுகிவிடுமோ என்று அஞ்சி டீசலுக்கு மாறிய இரவுகள் எனக்கு உண்டு. அந்த மாற்றத்தையும் அவசரமாகச் செய்ய முடியாது; நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் வெப்பம் மாறினால் ஃபியூவல் பம்பினுள் ஓடும் தண்டான பிளஞ்சர் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பியூரிஃபையர் பொதுவாக ஃபோர்த் இன்ஜினியரின் பொறுப்பு. 2009-இல் நான் மொத்தச் சரக்கு ஏற்றும் ஒரு பல்க் கேரியரில் அந்த வேலையில் இருந்தேன். நாளொன்றுக்கு 30 டன் அளவில் எண்ணெய் எரித்துக்கொண்டிருந்தோம். அந்த முறை ஏற்றிய எண்ணெயின் ஆய்வறிக்கையில் அலுமினியமும் சிலிக்கனும் சேர்ந்து கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தன. இவை ஆலையில் எண்ணெயை உடைக்கப் பயன்படும் வினையூக்கியின் துகள்கள். கப்பலில் நாங்கள் கேட் ஃபைன்ஸ் என்போம். கப்பல் எரியெண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 8217 தரத்தில் அன்று நடைமுறையில் இருந்த வரம்பு 80. 2010-இல்தான் அது எங்கள் தரத்துக்கு 60 ஆகக் குறைந்தது. வரம்புக்குள் இருப்பதால் எரிக்கலாம் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தூத்துக்குடிக்காரரான எங்கள் சீஃப் இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு என்னிடம், “தம்பி, 80 என்பது வாங்குவதற்கான வரம்பு. இன்ஜினுக்குள் போவதற்கு 15-க்குக் கீழே இருக்கணும். இடையிலே இருக்கிற வித்தியாசம் உன் பியூரிஃபையர்தான்” என்றார்.

இரண்டு பியூரிஃபையர்களையும் இணையாக, மெதுவான ஓட்டத்தில் இயக்கியிருந்தால் அந்த வித்தியாசத்தைச் சமாளித்திருக்கலாம். ஒன்று உதிரிபாகம் வராமல் திறந்து கிடந்தது. மற்றதில் இன்ஜினுக்குத் தேவையான அளவு முழுவதையும் தள்ள வேண்டியிருந்தது. அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அரபிக் கடலில் ஐந்து நாள் கப்பல் புரண்டதில், டாங்கின் அடியில் பல மாதங்களாகப் படிந்திருந்த துகள்களும் கிளர்ந்து எண்ணெயோடு சேர்ந்துகொண்டன. அறிக்கையில் இருந்தது படகிலிருந்து வந்த எண்ணெயின் கணக்கு. எங்கள் டாங்கின் அடிவண்டல் எந்தக் கணக்கிலும் இல்லை. அடுத்த துறைமுகத்தில் சிலிண்டருக்குள் காற்று நுழையும் துளையான ஸ்கேவெஞ்ச் போர்ட் வழியாக விளக்கடித்துப் பார்த்தபோது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, சிலிண்டரின் உட்சுவரான லைனரில் நெடுக்காகக் கீறல்கள் ஓடியிருந்தன. அந்தத் துகள்கள் எஃகையும் கீறும் கடினம் கொண்டவை. வார்ப்பிரும்பின் மென்மையான கிராஃபைட்டில் புதைந்துகொண்டு, உப்புத்தாள் போல ஒவ்வொரு அடிக்கும் தேய்க்கும். நங்கூரத்தில் நின்றபடி இரண்டு யூனிட்டுகளை, அதாவது சிலிண்டர்களை, திறந்து லைனரை மாற்றினோம். அன்றிலிருந்து செட்டிலிங் டாங்கின் டிரெய்ன் வால்வை ஒவ்வொரு வாட்ச் பணிமுறையிலும் நானே திறந்து பார்க்காமல் இருந்ததில்லை.

2020 ஜனவரி 1 முதல் உலகக் கடல்களில் எரியெண்ணெயின் கந்தக வரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆக இறங்கியது. அந்த முடிவை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்களின் மூச்சில் கலக்கும் புகை அது. ஆனால் அதற்குப் பின் வந்த குறைந்த கந்தக எண்ணெய்கள் பெரும்பாலும் பல பொருள்களின் கலவைகள். சில மெழுகு நிறைந்தவை, டாங்கில் உறைந்துவிடும். வேறு சிலவற்றைப் பழைய எண்ணெயோடு கலந்தால் அஸ்ஃபால்டீன் பிரிந்து, பியூரிஃபையர் கிண்ணம் தார்போன்ற கசடால் அடைபடும். 380 என்ற ஒரே எண்ணில் பழகிய கைக்கு, ஒரு பங்கர் 30 சென்டிஸ்டோக்ஸ், அடுத்தது 300 என்று வரும்போது எல்லா வெப்பநிலைகளையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கிறது. புகைபோக்கியில், புகையின் கந்தகத்தைக் கழுவும் ஸ்கிரப்பர் பொருத்திய கப்பல்கள் இன்னும் பழைய எண்ணெயையே எரிக்கின்றன. கழுவிய நீரைக் கடலிலேயே விடும் வகை ஸ்கிரப்பர், காற்றின் அழுக்கைத் தண்ணீருக்கு மாற்றுவதாகவே எனக்குப் படுகிறது.

தரப் பட்டியலின் சோதனைகள் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையை 2022 முற்றாக உடைத்தது. அவ்வாண்டு சிங்கப்பூரில் ஏறத்தாழ 200 கப்பல்கள் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் அடங்கிய எண்ணெயை வாங்கின. சுமார் 80 கப்பல்களில் ஃபியூவல் பம்புகளும் இன்ஜின்களும் பாதிக்கப்பட்டன. அடர்த்தி, பாகுத்தன்மை, நீர், கந்தகம், சாம்பல் ஆகிய வழக்கமான அளவீடுகளால் அந்தச் சேர்மங்களைக் காட்டிக்கொடுக்க முடியாது. அதற்கு வாயு நிறப்பகுப்பு போன்ற தனிச் சோதனை வேண்டும். சிங்கப்பூர் துறைமுக ஆணையம் 2024 ஜூன் 1 முதல் இச்சேர்மங்களுக்கான சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உலகிலேயே அதிகம் பங்கர் விற்கும் துறைமுகம் எடுத்த இந்த முடிவை மற்றத் துறைமுகங்களும் எடுக்க வேண்டும். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோகும் கப்பலுக்கு, எண்ணெய் தர வரம்புக்குள் இருந்தது என்ற தாள் எந்த உதவியும் செய்யாது.

இந்த எண்ணெய் கரையிலும் எரிந்திருக்கிறது. மதுரை சமயநல்லூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டியிலும் 100 மெகாவாட்டைச் சற்றே தாண்டிய இரு மின் நிலையங்கள், கப்பலில் ஓடும் வகை டீசல் இன்ஜின்களை வைத்து இதே எண்ணெயில் மின்சாரம் எடுத்தன. இலங்கையில் சப்புகஸ்கந்தை மின் நிலையம் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் மண்டியை எரிப்பதற்காகவே அமைந்தது போல நிற்கிறது. நம் ஊர் பாய்லர்களிலும் உலைகளிலும் இதற்கு ஃபர்னஸ் ஆயில் என்று பெயர். அங்கேயும் ஹீட்டரும், குழாயைச் சூடாக வைக்கும் ட்ரேசிங்கும் உண்டு. அங்கே நிலம் ஆடுவதில்லை என்பதால் வண்டல் கிளம்புவதில்லை, அவ்வளவுதான்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. நான் விடுமுறையில் சென்னையில் இருந்தேன். சில நாள்களுக்குப் பின் எர்ணாவூர்க் கரைக்குப் போனேன். பாறைகளுக்கு இடையே கிடந்ததை அங்கிருந்தவர்கள் கச்சா எண்ணெய் என்றார்கள். கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது: கப்பல் தனக்காக வைத்திருந்த பங்கர். நீராவியால் நாங்கள் இளக்கி வைத்திருக்கும் அதே பொருள், சூடு நின்ற நிலையில் கடல்நீரோடு கலந்து, வெல்லப்பாகை விடக் கெட்டியாகக் கிடந்தது. உறிஞ்சும் வண்டிகளின் குழாய்கள் திணற, மீனவர்களும் தன்னார்வலர்களும் கடலோரக் காவல் படையினரும் வரிசையில் நின்று பக்கெட்டில் அள்ளிக் கை மாற்றினார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. 98 டிகிரியில் ஓடினால்தான் என் பியூரிஃபையர் பிரிக்க முடிகிற ஒன்றை அவர்கள் வெறுங்கையால் மணலிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

2020-இல் மொரிஷியஸ் கரையில் வகாஷியோ என்ற கப்பல் தரைதட்டியபோது கசிந்த சுமார் 1,000 டன்னும், 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் டாங்குகளில் இருந்த 367 டன்னும் சரக்கு அல்ல, இன்ஜினுக்கான எண்ணெய்தான். எண்ணெய்க் கப்பல் வராத துறைமுகத்துக்குக்கூட நூற்றுக்கணக்கான டன் கன எண்ணெய் தினமும் வந்துபோகிறது. ஆகவே, மெல்லிய எண்ணெயை உறிஞ்சும் கருவிகளோடு நிற்காமல், இறுகிய எண்ணெயை அள்ளும் சுழல்பட்டைக் கருவிகளையும், அதை இளக்கி இறைக்கும் நீராவி வசதியையும், அள்ளுபவர்களுக்கான கையுறை, பூட்ஸ்களையும் ஒவ்வொரு துறைமுகமும் கிடங்கில் வைத்திருக்க வேண்டும்.