மண்ணுல நடாத செடிகள்

குலசேகரம் பக்கம் ரப்பர் விளைக்கு நடுவுல எங்க வீடு. முன்னறையில ரெண்டடி மீன் தொட்டி இருக்கு. அதுல மண்ணுல நட்ட செடி ஒண்ணுகூட கிடையாது. எல்லாம் கல்லையும் கட்டையையும் பிடிச்சு வளர்றதுதான்: அனுபியாஸ் நானா, ஜாவா ஃபெர்ன், கொஞ்சம் புசெபலாண்ட்ரா.

இதுங்க வளர்றது மெதுவா. அனுபியாஸ் ஒரு இலை விட ஒரு மாசம்கூட ஆகும். வெளிர்பச்சையில சுருட்டின இலை வரும், மெல்ல விரியும், அப்புறம்தான் நிறம் கறுத்துத் தடிக்கும். நான் அதைப் பார்க்கத்தான் வளர்க்கிறேன்.

வாங்கும்போது கடையில பலரும் சொல்லாம விடுற விஷயம் ஒண்ணு இருக்கு. வேருக்கும் இலைக்கும் நடுவுல இஞ்சி மாதிரி ஒரு தண்டு படுத்துக் கிடக்கும். அதை மணலுக்குள்ள புதைச்சா அழுகிடும், தொட்டா கொழகொழன்னு இருக்கும். தண்டு வெளியே தெரியணும். கறுப்பு நூலால கல்லோட லேசா கட்டினா போதும். சூப்பர் க்ளூ ஜெல்லும் சரிதான், ஒட்டின இடம் கொஞ்ச நாள் வெள்ளையாத் தெரியும்.

சீக்கிரம் வளரட்டும்னு லைட்டைக் கூட்டாதீங்க. இலை மாசக்கணக்கா அப்படியே நிக்கிறதால பாசிதான் முதல்ல அதுல ஏறும். எங்க வீட்டுல ஆறு மணி நேரம்தான் லைட். கரண்ட் போனாலும் செடிக்கு ஒரு குறையும் இல்ல. மண்ணுல இருந்து எடுக்க வழியில்லாததால சத்து தண்ணியில இருக்கணும். மீன் கழிவு ஓரளவுக்குக் கொடுக்கும், மிச்சத்துக்கு திரவ உரம் கொஞ்சம் விடுவேன்.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் ஜாவா ஃபெர்ன் இலையைப் பார்த்துட்டு, "மக்களே, அடியில எல்லாம் தவிட்டுப் புள்ளி. நோவு வந்திருக்கு, பிச்சுப் போடு"ன்னாங்க. கூட்டிட்டுப் போய் முற்றத்துப் பலாமரத்துல ஒட்டி வளர்ற பெரணியோட இலையைத் திருப்பிக் காட்டினேன். அதே புள்ளி வரிசை. ஜாவா ஃபெர்னும் ஒரு பெரணிதான். பெரணிக்கு விதை கிடையாது, வித்துத்தூள் அந்தப் புள்ளிக்குள்ளதான் இருக்கு. இதைத் தெரியாம நல்ல இலையை வெட்டிப் போடுறவங்களை நினைச்சா எனக்கு மனசு பொறுக்காது.

அந்தப் பழைய இலை நுனியிலயே குட்டிச் செடியும் முளைக்கும். நாலஞ்சு இலையும் வேரும் வந்ததும் கிள்ளி இன்னொரு கல்லுல கட்டலாம். மாமிக்கும் ஒண்ணு கொடுத்திருக்கேன். அவங்க தொட்டி மேல ஜன்னல் வெயில் நேரா விழுது. இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உள்ளே தள்ளி வைக்கணும்.