லூயிவில்லில் ஊறல் வாசனை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில்லுக்குக் குடிவந்த புதிதில், சில தெருக்களில் காலையில் வேகவைத்த சோளமும் புளித்த மாவும் கலந்த மாதிரி ஒரு வாசனை வீசும். ஊருக்கு நடுவிலேயே வடிசாலைகள் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. ஊறல் என்றாலே போலீஸ் கொட்டி அழிப்பதைச் செய்தியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே நன்கொடை திரட்டும் குலுக்கலில்கூட, சோளத்தை முக்கியமாக வைத்து வடிக்கும் போர்பன் விஸ்கி பாட்டில்தான் பரிசு. இதே கென்டக்கியில் மது விற்கத் தடையுள்ள கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கின்றன என்பது தனிக் கூத்து.

நம்மூரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் எடுத்த சாராயத்தைச் சேர்த்தது. போர்பனில் அது செல்லாது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் கலத்தில்தான் ஊற வேண்டும். கலத்தில் ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவ்வளவுக்கும் சட்டம் போட்டவர்கள் 'ஸ்மால் பேட்ச்' (சில பீப்பாய்களை மட்டும் கலந்த சிறு தொகுதி) என்பதற்கு மட்டும் அளவு வைக்கவில்லை. பத்து பீப்பாயைக் கலந்தாலும் லேபிளில் போடலாம், சில நூறைக் கலந்தாலும் போடலாம். ஜிம் பீம் வடிசாலையின் புக்கர் நோ என்பவர் 1992-இல் அந்தப் பெயரில் ஒரு வரிசையையே இறக்கிய பிறகு, ஆளாளுக்குப் போட ஆரம்பித்தார்கள்.

ஆனால் கலக்குவது நிஜமாகவே ஒரு கைத்திறன். பார்ட்ஸ்டவுன் பக்கம் ஆகஸ்ட் வெயிலில் பீப்பாய்களை அடுக்கி வைக்கும் ஒரு கிடங்குக்குள் போனோம். கீழ்த்தளம் பரவாயில்லை, மேலே ஏற ஏற அனல். சூட்டில் சாராயம் மரத்துக்குள் இறங்கும், குளிரில் திரும்பி வெளியே வரும். வனிலா, கருகிய சர்க்கரை வாசமெல்லாம் அப்படி வருவதுதான். மேல்தளப் பீப்பாய் சீக்கிரம் காரமேறும், கீழ்தளத்தது நிதானமாகப் பழுக்கும். எதை எதோடு எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் ருசி இருக்கிறது. ஃபோர் ரோசஸ் வடிசாலைக்காரர்கள் இரண்டு தானியக் கலவை, ஐந்து ஈஸ்ட் வைத்துப் பத்து விதமாக வடிக்கிறார்கள். அவர்களுடைய ஸ்மால் பேட்ச் அதில் நான்கின் கலவை.

பீப்பாயிலிருந்து வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிவிடும். தேவதைகளின் பங்காம். அந்த ஆவியில் வளரும் கருப்புப் பூஞ்சை அக்கம்பக்கத்து மரம், சுவர், கூரை எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். வீடு தேடி அலைந்தபோது ஒரு தெரு முழுக்க அந்தக் கறையைப் பார்த்து, தீ விபத்து நடந்த இடமோ என்று என் மனைவி கேட்டாள். கூட வந்த தரகர் பேச்சை மாற்றிவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐஸ் போட விடமாட்டார். சின்னக் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, வாயை லேசாகத் திறந்தபடி முகரச் சொல்வார். முதல் மடக்கு நாக்கைச் சுடும், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இரண்டாவதில்தான் சோளத்தின் இனிப்பும் ரை என்ற தானியத்தின் மிளகுக் காரமும் தெரியும். நூறு புரூஃப், அதாவது பாதிக்குப் பாதி ஆல்கஹால் என்றால் சில சொட்டுத் தண்ணீர் விடலாம், கௌரவக் குறைச்சல் இல்லை. கடையில் பாட்டிலை எடுத்தால் அவர் முதலில் திருப்பிப் பார்ப்பது வயதையும் புரூஃபையும்தான். நானும் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன். முன்பக்கம் ஸ்மால் பேட்ச் என்று தங்க எழுத்தில் மின்னினால், விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.